இடப்பக்க இருக்கை

மார்ச் மாத மழை நசநசவென்று தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, ஹேசல் புரோபர்ட்டும் அவள் கணவன் கீத்தும் பழைய கார் ஒன்றை விலைக்கு வாங்க, வண்டி ஏற்றுகிற டிரெய்லரை இழுத்துக்கொண்டு, இங்கிலாந்தில் லட்லோ ஊரின் கோடியில் இருந்த ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வீட்டுக்காரி மாவிஸ் டெட்லிக்கு எழுபத்து நான்கு வயது. கதவைத் திறந்தவள் வணக்கம்கூடச் சொல்லாமல், மழைக்கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு நேராகக் கொல்லைப்பக்கக் கராஜுக்கு அழைத்துப் போனாள்.

கதவைத் தூக்கியதும் கிரீஸ் வாடையும், தொண்டையைக் கிள்ளுகிற புதினா மிட்டாய் வாடையும் சேர்ந்து வந்தன. சுவரில் ஸ்பேனர்கள் அளவுவாரியாகத் தொங்கின. நடுவில் அந்தக் கார்.

சட்டம், இன்ஜின், சக்கரம் என்று பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்கிற வகை ஸ்போர்ட்ஸ் கார் அது. கதவு கிடையாது, கூரை கிடையாது. மொத்தமே ஐந்நூற்றுச் சொச்சம் கிலோ. உட்கார்ந்தபடி கையைத் தொங்கவிட்டால் விரல் ரோட்டைத் தொடும். ஹேசலுக்குப் பார்த்த மாத்திரத்தில் உள்ளங்கை அரித்தது. இருபத்திரண்டு வருஷமாக நகராட்சிப் பணிமனையில் குப்பை லாரிகளைப் பழுது பார்த்தவள். தனக்கென்று ஒரு வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்ட வேண்டும் என்பது அவளுடைய நாள்பட்ட ஆசை.

மாவிஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்களேன், மிசஸ் டெட்லி."

"இல்லம்மா. நான் இங்கயே நிக்கிறேன். முப்பத்தோரு வருஷமா டீயை இந்தப் படியிலதான் வெச்சிட்டுப் போவேன். உள்ள கால் வெச்சா ரோலண்டுக்கு ஆகாது."

ரோலண்ட் அவள் கணவர். செத்து மூன்று வருஷம் ஆகிறது.

ஹேசல் காரைச் சுற்றி வந்தாள். வலப்பக்கம் ஓட்டுகிறவர் இருக்கை. இடப்பக்கம் இருக்கவேண்டிய இருக்கை இல்லை. அந்தக் குழியை ஓர் அலுமினியத் தகடு மூடியிருந்தது. ஓரம் முழுக்க வரிசையாக ரிவெட் ஆணிகள்.

"இந்தப் பக்கம் சீட் எங்கங்க?"

"இருந்துச்சு. ஒரு நாள் கேட்டேன், என்னையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்களேன்னு. குளியலறை எடை மெஷினைக் கொண்டாந்து வெச்சு, ஏறி நில்லுன்னாரு. அறுபத்தொன்பது கிலோ. அதைச் சொவத்துல பென்சிலால எழுதினாரு. மறுவாரம், கூடுதல் கனம் வண்டிக்கு ஆகாதுன்னு சீட்டைக் கழட்டிட்டுத் தகடு அடிச்சிட்டாரு."

கீத் சிரிக்க ஆரம்பித்து, மாவிஸின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அவரும் தினம் ஏறி நிப்பாரு. எழுபத்தெட்டுக்கு மேல ஒரு கிலோ கூடினாலும் அன்னிக்கு ராச்சாப்பாடு கிடையாது." மாவிஸ் காரைப் பார்க்காமலே பேசினாள். "கடைசியில இதுலயே போயிட்டாரு. ஓட்டுற மாதிரியே உக்காந்திருந்தாரு. ஸ்டீயரிங்லேருந்து விரலைப் பிரிக்க ஆம்புலன்ஸ்காரங்களுக்குக் கால் மணி நேரம் ஆச்சு."

மாவிஸ் ஹேசல் பக்கம் திரும்பினாள்.

"நீ இதை என்ன பண்ணப் போறேம்மா?"

"முதல் வேலையா அந்தத் தகட்டைப் பேத்துட்டு ஒரு சீட் வைப்பேன்" என்றாள் ஹேசல்.

மாவிஸ் பணத்தை எண்ணாமலே வாங்கிக்கொண்டு சாவியை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹேசல் தன் கராஜில் துளைக் கருவியோடு உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு ரிவெட். ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்துத் தகட்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்து கதவைத் தூக்கினாள்.

தகடு அதனிடத்தில் இருந்தது. நாற்பத்திரண்டு புது ரிவெட், ஸ்கேல் வைத்து அளந்தது மாதிரி.

"கீத்! இங்க வா! யாரு இதைத் திரும்ப அடிச்சது?"

"என்னைப் பாத்தா ரிவெட் அடிக்கிற மூஞ்சி மாதிரியா இருக்கு? டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தவே உன்னைத்தானே கூப்பிடுறேன்."

"அப்போ?"

கீத் காரின் பக்கம் குனிந்தான். மோந்து பார்த்தான். "நீ புதினா மிட்டாய் எதாவது சாப்பிடுறியா?"

இல்லை என்று அவள் தலையாட்டினாள். கீத் இரண்டடி பின்னுக்குப் போய் வாசற்படிக்கு வெளியே நின்றான்.

ஹேசல் மறுபடி துளைத்தாள். செவ்வாய்க்கிழமை மறுபடி தகடு ஏறியிருந்தது. பதினாறு வயதில் பணிமனைக்குள் நுழைந்த நாளிலிருந்து எத்தனையோ ஆண்பிள்ளைகள் "அதைத் தொடாதே" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் எல்லாவற்றையும் தொட்டிருக்கிறாள். செத்துப்போன ஒருத்தர் சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாளா? மூன்றாவது முறை பேர்த்த தகட்டை வெட்டுக் கத்தரியால் உள்ளங்கை அளவுத் துண்டுகளாக நறுக்கினாள். மறுநாள் காலை பணிமனைக்கு எடுத்துப்போய், குப்பை நசுக்குகிற லாரியின் வாயில் தன் கையாலேயே போட்டாள்.

"இப்ப அடிங்க, பாப்போம்" என்று சாயங்காலம் ஆளில்லாத கராஜைப் பார்த்துச் சொன்னாள்.

தகடு திரும்ப வரவில்லை. பழைய வண்டி ஒன்றிலிருந்து எடுத்த லேசான இருக்கையை இடப்பக்கம் பொருத்தினாள். முன்சக்கர சஸ்பென்ஷனைக் கழற்றி, தேய்ந்த ரப்பர்களை மாற்றி, ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து முறுக்கினாள். முறுக்கியதும் போல்ட்டின் தலையிலிருந்து சட்டம் வரை ஒரே கோடாக மஞ்சள் பெயிண்டால் இழுத்துவிடுவாள். போல்ட் இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

மறுநாள் பார்த்தாள். எல்லாக் கோடும் உடைந்திருந்தது.

எல்லாமே கால் சுற்று. இடப்பக்கமாக.

திரும்ப முறுக்கினாள். திரும்பக் கழன்றது. ஒரு வாரம் இப்படியே போனது. கீத் டீயைக் கொண்டுவந்து படியிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினான். மூன்றாம் நாள் ஹேசல் அதைக் கவனித்தாள்.

"உள்ள கொண்டா."

"இருக்கட்டும், நீயே வந்து எடுத்துக்க."

"கீத். இது என் கராஜ். நீ என் புருஷன். டீயை உள்ள கொண்டா."

கீத் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வந்து, டீயில் பாதியைத் தரையில் சிந்திவிட்டு ஓடினான்.

அடுத்த ஞாயிறு, காரின் எடையைச் சரிபார்க்கிற நாள். இந்த மாதிரி லேசான வண்டிக்கு நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு தராசுப் பலகை வைத்து, எந்த மூலையில் எத்தனை கிலோ என்று பார்த்து ஸ்ப்ரிங்குகளைச் சரிசெய்வார்கள். கார் மன்றத்து நண்பர் ஒருவரிடம் பலகைகளை இரவல் வாங்கி வந்திருந்தாள். காரை ஏற்றி நிறுத்தினாள். கணக்குப்படி ஐந்நூற்று இருபது வரவேண்டும்.

பலகைகளோடு இணைத்த எண்பெட்டியில் எண்கள் ஓடி நின்றன.

ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

பலகைகளைத் துடைத்து மறுபடி வைத்தாள். ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கூடுதலாக வந்ததில் பெரும்பங்கு வலப்பக்கம், ஓட்டுகிறவர் உட்காருகிற மூலையில்.

எழுபத்தெட்டு கிலோ.

நல்ல பகல். வெளியே வெயில்கூட அடித்தது. பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டுகிற சத்தம். ஹேசல் காலி இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருக்கையின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க, அமுங்கல் கொஞ்சம் இடம் மாறியது. உட்கார்ந்திருக்கிற ஒருவர் திரும்பிப் பார்க்கும்போது மாறுகிற மாதிரி.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். ஓடியிருப்பாள். ஓடினால் நாளையிலிருந்து டீ படியில்தான் இருக்கும் என்ற நினைப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள். அந்த அமுங்கலின் மேலேயே உட்கார்ந்தாள்.

குளிர். கிணற்றுத் தண்ணீரில் இடுப்பு வரை இறங்கின மாதிரி.

பிடரியில் மூச்சு பட்டது. புதினா வாடை.

"வெளிய போ" என்று காதோரம் ஒரு குரல், காற்றைவிட மெலிசாக.

"நீங்க போங்க" என்றாள் ஹேசல். நாக்கு குழறியது. "கீத்! டீ!"

கீத் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். மனைவியின் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்து, இந்தத் தடவை சிந்தாமல் கோப்பையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். அவள் அங்கேயே உட்கார்ந்து, பல் கோப்பையில் தட்டத்தட்ட, கடைசிச் சொட்டுவரை குடித்த பிறகுதான் இறங்கினாள்.

இதற்குப் பதில் புதன்கிழமை கிடைத்தது. ஸ்டீயரிங் தண்டை அடிப்பகுதியோடு இணைக்கிற போல்ட்டைத் தற்செயலாகத் தொட்டாள். அது விரலாலேயே சுழன்று வெளியே வந்தது. ரோட்டில், வளைவில், அறுபது மைல் வேகத்தில் அது கழன்றிருந்தால் ஸ்டீயரிங் வெறும் தட்டு மாதிரி கையோடு வந்திருக்கும்.

ஹேசல் போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக மாவிஸ் வீட்டுக்குப் போனாள். சமையலறை மேசைமேல் அதை வைத்தாள்.

"இது எதுன்னு தெரியுதா?"

மாவிஸுக்குத் தெரியவில்லை. ஹேசல் எல்லாவற்றையும் சொன்னாள். மாவிஸ் ஆச்சரியப்படவில்லை. அழவும் இல்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்து மூடினாள்.

"சொல்லியிருக்கணும். அன்னிக்கே சொல்லியிருக்கணும். வண்டி போனாச் சரியாயிடும்னு நெனச்சேன். என்னை மன்னிச்சிரும்மா. வித்துரு, இல்ல நசுக்கிப் போட்டுரு."

"அவருக்கு என்னதான் வேணும்?"

"அவருக்கு எதுவும் வேணாம். வேற யாருக்கும் எதுவும் கெடைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"நான் விக்க மாட்டேன்" என்றாள் ஹேசல். "நீங்க ஒரு ரவுண்டு கேட்டீங்களே. இன்னும் வேணுமா?"

மாவிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே காலிக் கராஜ். "எழுபத்து நாலு வயசுல அதுக்குள்ள எப்படி எறங்கறது?" என்று கேட்டாள்.

"காலைத் தூக்கி வெச்சு உக்கார வேண்டியதுதான். எழுந்திரிக்கிறதுக்கு நானும் கீத்தும் இருக்கோம்."

அந்த வாரம் முழுக்க ஹேசல் கம்பி கட்டினாள். விமானங்களிலும் பந்தயக் கார்களிலும் செய்கிற வேலை. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மெல்லிய துளை போட்டு, துருப்பிடிக்காத கம்பியைக் கோத்து முறுக்கி, பக்கத்துப் போல்ட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டால், கம்பியை வெட்டாமல் எதையும் சுழற்ற முடியாது. கம்பி வெட்டுகிற கருவிகளையெல்லாம் பொறுக்கி கீத்திடம் கொடுத்து, அவன் தங்கை வீட்டில் வைக்கச் சொன்னாள். இரவல் பலகைகளும் திரும்பிப் போயின. காலையில் வந்து பார்த்தால் கம்பிகளில் கீறல்கள் இருக்கும், நகத்தால் பிராண்டினது மாதிரி. ஆனால் மஞ்சள் கோடு ஒன்றுகூட உடையவில்லை. டிரெய்லரில் ஏற்றிப்போய், ரோட்டில் ஓட்டத் தகுதி பார்க்கிற ஆண்டுச் சோதனையும் முடித்தாள். வண்டி தேறியது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மாவிஸ் டாக்சியில் வந்து இறங்கினாள். சிவப்புக் கோட்டு, தலையில் ஸ்கார்ஃப், உதட்டில் சாயம். கராஜ் படி வரை விறுவிறுவென்று வந்தவள் படியில் நின்றுவிட்டாள்.

உள்ளே மேசைமேல் ஸ்பேனர்கள் மெல்லக் கிணுகிணுத்தன.

"அவரு இருக்காரு" என்று கிசுகிசுத்தாள்.

"இருக்கட்டும்."

மாவிஸ் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். வலது காலைத் தூக்கிப் படிக்கு உள்பக்கம் வைத்தாள். கிணுகிணுப்பு நின்றது. கராஜே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இடது காலையும் வைத்தாள். பிறகு நடந்துபோய்க் காரின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எழுபத்து மூணு இப்போ, ரோலண்ட். நாலு கிலோ ஏறிட்டேன். வேணும்னா எழுதிக்கோங்க."

மேசை கவிழ்ந்தது. ஸ்பேனர்கள் தரை முழுக்கச் சிதறின. வெளியே கீத் கத்தினான். மாவிஸ் ஒரு ஸ்பேனரைக் காலால் ஒதுக்கிவிட்டு, ஹேசலின் தோளைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்க இருக்கைக்குள் இறங்கினாள்.

ஊருக்கு வெளியே கிளீ மலைப் பாதையில் ஏறும்வரை ஒன்றும் இல்லை. இன்ஜின் இழுக்கத்தான் சிரமப்பட்டது. ஹேசலுக்கு அது எதனால் என்று தெரியும். முதுகு முழுக்கக் குளிர். மேலே ஆடுகள் மேய்கிற வெளியைக் கடந்து, பாதை இறங்கத் தொடங்கியது. முன்னே இடப்பக்க வளைவு. வளைவுக்கு வெளியே கருங்கல் சுவர்.

ஹேசல் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள்.

அது திரும்பவில்லை.

பிரேக்கை மிதித்தாள். வண்டி வேகம் தணிந்தது, ஆனால் சுவரை நோக்கியே போனது. அவள் கைகளுக்குப் பக்கத்தில், ஸ்டீயரிங்கைச் சுற்றியிருந்த தோல் உறை பத்து இடங்களில் அமுங்கியிருந்தது.

"பிடிச்சிருக்காரு!" என்று அலறினாள். "மாவிஸ், பிடிச்சிருக்காரு!"

மாவிஸ் குறுக்கே சாய்ந்தாள். காற்றில் தடவி எதையோ பிடித்தாள். கையைச் சுட்டது மாதிரி ஒரு கணம் முகம் சுளித்தாள், ஆனால் விடவில்லை. அவள் விரல்கள் எதையோ மேல்நோக்கி நெம்பின.

"விடுங்க. இது ஒண்ணு." தோலில் ஒரு பள்ளம் நிமிர்ந்தது. "ரெண்டு. விடுங்கன்னா விடணும். மூணு. முப்பத்தோரு வருஷம் படியில நின்னேன். நாலு. போதும். போதும், ரோலண்ட்!"

ஸ்டீயரிங் சடாரென்று விடுபட்டது. பின்சக்கரம் வழுக்கி, சுவரின் பாசியை உரசுகிற அளவுக்குப் போய், வண்டி வளைவுக்குள் திரும்பியது.

அப்புறம் அது பறந்தது. ஹேசல் அந்த வண்டியின் உண்மையான எடையை அப்போதுதான் உணர்ந்தாள். முதுகில் வெயில் பட்டது. மாவிஸ் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, வாய் திறந்திருந்தது, ஸ்கார்ஃப் எங்கோ போய்விட்டிருந்தது.

ஹேசல் கண்ணாடியைப் பார்த்தாள்.

பின்னால், நடுரோட்டில், பழுப்பு நிறப் பட்டறைக் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றிருந்தார். கையை இன்னும் ஸ்டீயரிங் பிடித்த மாதிரியே நீட்டி வைத்திருந்தார்.

பிறகு அவர் ஓடத் தொடங்கினார்.

"பின்னால பாக்காதீங்க" என்றாள் ஹேசல்.

"பாத்துட்டேன்" என்றாள் மாவிஸ். "இன்னும் வேகமாப் போம்மா."

அன்றைக்கு அவர்கள் பன்னிரண்டு மைல் சுற்றிவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமை வரை கராஜில் ஒரு சத்தமும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை கம்பிகளில் புதுக் கீறல்கள். அடுத்த சனிக்கிழமை மாவிஸ் மறுபடி விரல்களைப் பிரித்தாள். அதே பாதையில், அதே இரண்டு பெண்களுக்குப் பின்னால் அவர் மறுபடி ஓடினார். முப்பது மைல் போனார்கள். இந்தத் தடவை அவர் திரும்பி வர ஐந்து நாள் ஆயிற்று. மாவிஸ் காற்றுக்குக் கண்ணை மறைக்கிற கண்ணாடியும் தோல் தொப்பியும் வாங்கிக்கொண்டாள்.

மே மாதக் கடைசியில் வேல்ஸ் கடற்கரைக்கே போய்விட்டார்கள். வழியில் ஒரு மேட்டில் அவரை உதறிவிட்டு, கடலோரம் பெஞ்சில் உட்கார்ந்து வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் தின்றுவிட்டு, மாவிஸ் அலையில் கால் நனைத்துவிட்டு, வேறு பாதையில் வீடு திரும்பினார்கள். ஒரு வாரம் போயிற்று. பத்து நாள் போயிற்று. கீத் டீயைக் கராஜின் நடுவில், கண்ணைத் திறந்தபடியே கொண்டுவந்து கொடுத்தான்.

பதினோராம் நாள் மத்தியானம் ஹேசல் கதவைத் தூக்கினாள்.

சிமென்ட் தரையில் ஈர மணல். வெறுங்கால் தடங்கள், வாசற்படியிலிருந்து உள்ளே. ஒரு தடத்தில் கடல்பாசித் துணுக்கு ஒட்டியிருந்தது. தடங்கள் காரை ஒருமுறை சுற்றி வந்து, இடப்பக்கம் நின்றிருந்தன. வெளியே போன தடம் எதுவும் இல்லை.

ஹேசல் போனை எடுத்தாள்.

"வந்துட்டாரு."

"எந்தப் பக்கம் நிக்கிறாரு?" என்றாள் மாவிஸ்.

"உங்க பக்கம்."

அந்த முனையில் பிஸ்கட் டப்பா திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"ஸ்காட்லாந்து எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டாள் மாவிஸ்.

"முந்நூறு மைல் இருக்கும்."

"சாண்ட்விச் நான் பண்ணிக்கிறேன்."

ஹேசல் போனை வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள். மூலையிலிருந்து தொடங்கி, காரைச் சுற்றி, ஒரு மணல்கூட விடாமல் கூட்டிப் படிக்கு வெளியே தள்ளினாள். நிமிர்ந்து திரும்பினாள்.

சுத்தமான தரையில், அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி, இப்போதுதான் வைத்த ஒரே ஒரு தடம். விரல்கள் அவளைப் பார்த்திருந்தன. அதிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து பரவிக்கொண்டிருந்தது.

ஹேசல் அதையும் கூட்டினாள்.